பறக்கும் ரயில் ஏன் தவழ்ந்தது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன வாரம் போன் பண்ணினார். "தம்பி, நீ பாலம் கட்டுற ஆளு. பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஒரு அரை மணி நேரம் பேசு. தத்துவம் மட்டும் வேண்டாம்" என்றார். எனக்கும் தத்துவம் வராது. (சிரிப்பு.) அதனால் எனக்குத் தெரிந்த கணக்கைப் பேசுகிறேன். பறக்கும் ரயில் கணக்கு.

குமணன்சாவடியில் நின்றுகொண்டு வேளச்சேரி ரயிலைப் பற்றி இவன் ஏன் பேசுகிறான் என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கிப் போகிற இடம். நம்ம ஊரும் சரி, பக்கத்துக் கரையான்சாவடியும் சரி, பேரிலேயே காத்திருப்பை வைத்துக்கொண்டிருக்கிற ஊர்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது. எந்த வழியாக? ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக. நமக்கு வடக்கே ஒரு சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் போய்விட்டது. அன்றைக்குத் தவறவிட்ட பூந்தமல்லிக்காரர்கள், தண்டவாளத்தில் ஒரு வண்டி ஓடுவதைத் தங்கள் ஊருக்குள் பார்த்தது 2025 மார்ச் 20-ஆம் தேதி. பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரைக்கும் மெட்ரோ சோதனை ஓட்டம் நடந்த நாள் அது. நடுவில் 168 வருஷம் போய்விட்டது. அத்தனை வருஷம் 54-ஆம் நம்பர் பஸ்ஸிலும் 66-ஆம் நம்பர் பஸ்ஸிலும் தொங்கிக்கொண்டு போனோம்.

ஆகவே, தலைக்கு மேலே பாலம் வந்துவிட்டது, இனி நமக்கென்ன கவலை என்று இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பழைய கதை. நம்ம நகரத்திலேயே தலைக்கு மேலே பாலம் கட்டி, ரயிலும் ஓட்டி, அப்புறமும் ஒரு தலைமுறை காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

சென்னைக்குள் வடக்கிலிருந்து தெற்காக ஒரு விரைவு ரயில் பாதை வேண்டும் என்ற பேச்சு 1970களிலேயே இருந்தது. 1983-84-இல் ஒப்புதல் கிடைத்தது. பணம் வரவில்லை. வேலை சூடு பிடித்ததே 1990களில்தான். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரில் திறந்தார்கள். 1997-இல் திருமயிலை வரை வந்தது. திருவான்மியூருக்கு 2004 ஜனவரி 26. வேளச்சேரிக்கு 2007 நவம்பர் 19. அப்போது எங்க பேட்ச் மூன்றாம் ஆண்டு. போக்குவரத்துப் பொறியியல் எடுத்த சார் வகுப்பில் வந்து, "டேய், இன்னைக்கு வேளச்சேரி வரைக்கும் ரயில் வந்தாச்சு, நோட்டுல தேதி போட்டு எழுதிக்கோங்க, பரீட்சைக்கு வரும்" என்றார். பரீட்சைக்கு வரவில்லை. (சிரிப்பு.) ஆனால் அந்தத் தேதி எனக்கு மறக்கவில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். கடற்கரை முதல் வேளச்சேரி வரை சுமார் 19 கிலோமீட்டர். ஒப்புதல் கிடைத்ததிலிருந்து 24 வருஷம். வருஷத்துக்கு 800 மீட்டர் சொச்சம். ஒரு நாளைக்கு 2 மீட்டர் சொச்சம். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் காம்பவுண்டு சுவர் எழுப்புவது இதைவிட வேகம். இந்தியாவின் முதல் மேம்பால ரயில் பாதை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிற பாதை இது. பெருமை நியாயமானதுதான், முதலில் செய்பவனுக்குக் கஷ்டம் அதிகம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் பொறியியல் கஷ்டம் மட்டும் இல்லை.

இந்தப் பாதை எங்கே போகிறது என்று பாருங்கள். சேப்பாக்கத்தைத் தாண்டினால் திருவான்மியூர் பக்கம் வரைக்கும் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயோடு போகிறது. பல இடங்களில் தூண் கால்வாய்க்குள்ளேயே நிற்கிறது. அந்தக் கால்வாயின் கதை தெரியுமா? 1877-78 பஞ்சத்தின்போது, பட்டினியாகக் கிடந்த ஜனங்களுக்கு வேலை கொடுத்துக் கூலி கொடுப்பதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய 8 கிலோமீட்டர் அதில்தான் இருக்கிறது. கையால் மண் தோண்டி வெட்டிய வாய்க்கால். சுமார் நூறு வருஷம் கழித்து நம்ம ஆட்கள் வந்து, நிலம் சும்மா கிடைக்கிறது, ஆர்ஜிதம் வேண்டாம், வீடு இடிக்க வேண்டாம் என்று தூணை அதிலேயே இறக்கிவிட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் புத்திசாலித்தனம். நானும் அந்தக் காலத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் அதையேதான் வரைந்திருப்பேனோ என்னவோ. ஆனால் விலை என்ன? தண்ணீர் போகிற வழி குறுகியது. மழைக்காலத்தில் அது என்ன செய்யும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, ஜனங்கள் இருக்கிற இடத்துக்கு ரயில் போகவில்லை, நிலம் லேசாகக் கிடைத்த இடத்துக்குப் போனது. ஸ்டேஷன் ஒரு பக்கம், பஸ் ஸ்டாப் ஒரு பக்கம். நடுவில் இருட்டுச் சந்து.

ஸ்டேஷன்களைப் பார்த்திருக்கிறீர்களா? அரண்மனை மாதிரி கட்டி வைத்தார்கள். மேல் மாடிகளில் கடை வரும், ஆபீஸ் வரும், வாடகையில் ரயில் ஓட்டலாம் என்று கணக்கு. வரவில்லை. பல வருஷம் வௌவால்தான் வாடகை இல்லாமல் குடியிருந்தது. ராத்திரி எட்டு மணிக்குமேல் அந்தப் படிக்கட்டில் தனியாக இறங்குவதற்குப் பெண்கள் பயந்தார்கள். நான் சொல்வது கற்பனை இல்லை, இந்தச் சபையில் அந்த ரயிலில் காலேஜுக்குப் பாதி தூரம் வந்து மீதிக்கு பஸ் பிடித்த அக்காக்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஒரு படிக்கட்டுக்கு நாலு டியூப்லைட் போடுவதை மேம்பாடு என்று யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. ஆனால் பயணி அந்த விளக்கைப் பார்த்துத்தான் ரயிலா ஷேர் ஆட்டோவா என்று முடிவு பண்ணுகிறார்.

சரி, விளக்கு ஏன் போடவில்லை? இங்கேதான் சமாச்சாரம். முதல் கட்டத்துக்கு ரயில்வே பணம். இரண்டாம் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாநில அரசு, மீதி ரயில்வே. வண்டி ஓட்டுவது தெற்கு ரயில்வே. கீழே பஸ் விடுவது மாநிலப் போக்குவரத்துக் கழகம். வெளியே ரோடு மாநகராட்சி. நஷ்டம் யாருக்கு? எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம். எல்லோருக்கும் கொஞ்சம் என்றால் ஒருத்தருக்கும் வலிக்காது என்று அர்த்தம். நம்ம வீட்டிலேயே அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பொதுவான கிணற்றை யார் தூர் வாரினார்கள்?

இதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவானது. மத்திய அரசும் மாநில அரசும் சமபங்கு. ஆனால் கம்பெனி ஒன்று, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆபீஸ். 2009-இல் வேலை தொடங்கி, 2015 ஜூன் 29-இல் கோயம்பேடு-ஆலந்தூர் வண்டியை ஓட்டி, 2019 பிப்ரவரியில் முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டரையும் முடித்துவிட்டார்கள். அதிலும் தாமதம் உண்டு, குற்றம் குறை உண்டு. இருந்தாலும் அதே ஊர், அதே களிமண், அதே கோர்ட்டு, அதே மழை. பத்து வருஷத்தில் 45 கிலோமீட்டர்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரைக்கும் 5 கிலோமீட்டர். இந்தத் துண்டு மட்டும் சேர்ந்துவிட்டால், கடற்கரையில் தொடங்கிய பாதை நகரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து தாம்பரம் லைனில் முட்டும். மெட்ரோவும் அங்கேயே வருகிறது. மூன்று ரயில் ஒரே இடத்தில். நடுவில் புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் என்று இரண்டு ஸ்டேஷன். 2008-இல் வேலையை ஆரம்பித்தார்கள். மதிப்பீடு 495 கோடி ரூபாய். மளமளவென்று நாலரை கிலோமீட்டருக்குத் தூண் எழுந்தது, பாலம் ஏறியது. கடைசி 500 மீட்டரில் நின்றது. அங்கே வீடுகளும் மனைகளும் இருந்தன. இழப்பீடு போதாது என்று சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருஷங்கள் ஓடின. மெட்ரோ 2016 அக்டோபரிலேயே பரங்கிமலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, எங்கே இன்னும் காணோம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. மதிப்பீடு 734 கோடியாக ஏறியது. 2008-இல் பிறந்த குழந்தை 2025-இல் பிளஸ் டூ படித்தது. அந்த வருஷம் முடிகிற வரைக்கும் அந்த 5 கிலோமீட்டரில் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூடப் போகவில்லை.

எங்க வகுப்புத் தோழன் ஒருத்தன், பேர் வேண்டாம், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைக்கிறான். (சிரிப்பு.) கல்யாணமான புதிதில் ஆதம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கினான். "ஸ்டேஷன் ரெண்டு நிமிஷ நடை" என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். நடை ரெண்டு நிமிஷம்தான், அதில் பொய் இல்லை. ரயில்தான் இல்லை. பேங்க் லோன் பாதிக்கு மேல் கட்டிவிட்டான். அவன் பிள்ளை பால்கனியிலிருந்து தூணுக்கு நம்பர் போட்டு எண்ணக் கற்றுக்கொண்டது.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்வது, "அந்த 500 மீட்டர்காரர்களால்தான் கெட்டது" என்று. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மனுஷன் ஆயுசில் ஒருமுறை மனை வாங்கி வீடு கட்டுகிறான். நாளைக்கு காலி பண்ணு என்றால் நியாயமான விலை கேட்கத்தான் செய்வான். கோர்ட்டுக்குப் போவது அவன் உரிமை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நிலம் கைக்கு வருவதற்கு முன்னால், கையில் இருக்கிற இடத்தில் எல்லாம் தூணை நட்டுவிடுவது. வேலை நடக்கிறது என்று காட்டலாம், பில் போடலாம், போட்டோ எடுக்கலாம். கால்வாயில் தூண் இறக்கிய அதே புத்தி. லேசான இடம் முதலில், கஷ்டமான இடம் அப்புறம்.

தம்பி தங்கைகள் இதை நன்றாகக் கவனியுங்கள், இது புத்தகத்தில் இருக்காது. பத்து மாடி கட்டடத்தில் ஒன்பது மாடி முடிந்தால் ஒன்பது மாடியில் ஆளைக் குடி வைக்கலாம். ரோட்டில் தொண்ணூறு சதவீதம் முடிந்தால் மீதியை மண் பாதையில் சுற்றிப் போகலாம். ரயில் பாதை அப்படி இல்லை. அது சங்கிலி. தொண்ணூறு சதவீதம் முடிந்த இணைப்பின் பயன் தொண்ணூறு சதவீதம் இல்லை, பூஜ்யம். போட்ட காசுக்கு வட்டி மட்டும் ஓடும். கான்கிரீட் வயசாகும், பேரிங் காயும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி துருப்பிடிக்கும். பத்து வருஷம் கழித்துத் திரும்ப வேலை ஆரம்பித்தால் முதல் வேலை பழைய வேலையைச் சோதிப்பது. ஆகவே ரயிலில் எது கஷ்டமோ அதை முதலில் தொட வேண்டும். நிலம், நிலத்துக்கு அடியில் இருக்கிற குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்சாரக் கேபிள். இதெல்லாம் போட்டோவுக்கு அழகாக இருக்காது.

இன்னொரு துண்டு. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவில் மூன்று தண்டவாளம்தான் இருந்தது. இரண்டு மின்சார ரயிலுக்கு, ஒன்றில் தொலைதூர வண்டிகள் போக வர. ஒற்றைப் பாலத்தில் இரண்டு பக்கத்து மாட்டு வண்டியும் வந்தால் எப்படி? அதற்காக நான்காவது பாதை, 4.3 கிலோமீட்டர். இடம் நெருக்கடி என்பதால் 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயிலைக் கடற்கரைக்குப் போகவிடாமல் சிந்தாதிரிப்பேட்டையிலேயே நிறுத்தினார்கள். ஏழு மாசம் என்றார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29-இல். பதினாலு மாசம். பாதை தேவைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாரிமுனையில் வேலை பார்க்கிறவர் பதினாலு மாசம் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்ஸுக்கு ஓடினார். ஒரு தடவை பைக் வாங்கிப் பழகினவர் திரும்ப ரயிலுக்கு வருவது கஷ்டம். ஏழு மாசம் என்று சொல்லும்போது அந்தத் தேதியை யார் எந்த அட்டவணையை வைத்துச் சொன்னார்கள் என்பதைப் பொதுஜனம் பார்க்கிற மாதிரி ஒட்டி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடமே ஒப்படைக்கும் யோசனை. பத்து வருஷத்துக்கு மேல் பேச்சாகவே இருந்து, 2025-இல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. நான் இதுவரை சொன்னதைக் கேட்டவர்கள், நல்லதுதானே, ஒரே முதலாளி வந்தாச்சு என்பீர்கள். நல்லதுதான். ஸ்டேஷனுக்கு விளக்கு வரும், எஸ்கலேட்டர் ஓடும், கழிப்பறை சுத்தமாகும். ஆனால் ஒரு விஷயம். புறநகர் ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாய், அங்கிருந்து தூரத்துக்கு ஏற்ப வேகமாக ஏறும். ரயிலில் மாச சீசன் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது, அதை நம்பித்தான் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களும், கடைகளில் நிற்கிற பெண்களும், மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கூடையோடு இறங்குகிறவர்களும் அந்த வண்டியில் வருகிறார்கள். மேம்பாடு வந்த மறுநாள் இவர்கள் இறங்கிவிட்டால் யாருக்காக மேம்படுத்தினோம்? கட்டணம் எங்க டிபார்ட்மெண்ட் இல்லை என்று பொறியாளன் சொல்லலாம். நானே ஆபீஸில் பலமுறை கேட்ட வசனம் அது. ஆனால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எழுதித்தான் நாம் வடிவமைக்கிறோம், அந்த எண்ணிக்கை டிக்கெட் விலையில் தொங்குகிறது.

நம்ம சாவடிக்கு வருவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர், இரண்டாம் கட்டத்தில் நான்காவது வழித்தடம். மொத்த இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர் 3-இல்தான் வந்தது. நடுவில் ஏறக்குறைய நாலு வருஷம் மாநில அரசு தன் கணக்கிலும் வெளிநாட்டுக் கடனிலும் இழுத்தது. பழைய வியாதி லேசாகத் தலைகாட்டிய இடம் அது. ஆனால் ஒரு நல்லது, இந்தப் பாதை கால்வாயைத் தேடிப் போகவில்லை. ஜனங்கள் போகிற ரோட்டின் மேலேயே வந்திருக்கிறது.

ரோட்டின் மேலே வந்தால் அதற்கும் விலை உண்டு. 2025 ஜூன் 12-ஆம் தேதி ராத்திரி, இதே மவுண்ட்-பூந்தமல்லி சாலையில், மணப்பாக்கம் பக்கத்தில், இரண்டு கர்டர்கள் கீழே விழுந்தன. பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். வீட்டுக்குப் போகிற ஒருத்தர். இவ்வளவு நேரம் தாமதம் தாமதம் என்று பேசிய நான் இதைச் சொல்லாமல் போகக்கூடாது. கர்டரைத் தூண் மேல் வைத்ததும் வேலை முடிந்துவிடாது. பக்கத்துக் கர்டரோடு சேர்த்துக் கட்டி, மேல் தளம் போட்டு இறுகுகிற வரைக்கும் அது ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. அந்த நேரத்தில் தாங்கலையும் கட்டையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க ஆள் வேண்டும், கீழே ரோட்டை மூட வேண்டும். ஒரு ராத்திரி தாமதமானால் ஆகட்டும். நாளைக்கு சைட்டில் நிற்கப்போகிற தம்பிகளே, மேலதிகாரி வாட்ச்சைக் காட்டினாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஏறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஏறிப் பார்க்காத தாங்கலுக்குக் கையெழுத்துக் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். வேலை போனால் நம்ம சங்கத்தில் வந்து சொல்லுங்கள், வேறு வேலை பார்த்துக் கொடுக்க இங்கே நூறு அண்ணன்கள் இருக்கிறார்கள். (கைதட்டல்.)

கடைசியாக ஒரு வேலை கொண்டுவந்திருக்கிறேன். சிவில் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. குமணன்சாவடி மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து மாங்காடு, குன்றத்தூர் பஸ் நிற்கிற இடம் எத்தனை மீட்டர்? நடுவில் எத்தனை இடத்தில் ரோட்டைக் கடக்க வேண்டும்? மழை நாளில் எங்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறது? ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த விளக்கு எரிகிறது, எந்த விளக்கு எரியவில்லை? கைக்குழந்தையோடு வருகிற அம்மாவுக்கு, கோல் ஊன்றுகிற பெரியவருக்கு எத்தனை நிமிஷம்? இதே மாதிரி கரையான்சாவடியில் ஆவடி பஸ்ஸுக்கு, காட்டுப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு. டேப், கடிகாரம், குடை போதும். வேளச்சேரி ரயில் திறந்த காலத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது இதைச் செய்து, பேப்பரில் போட்டு, மாநகராட்சி, ரயில்வே, பஸ் கழகம் மூன்று பேர் மேஜையிலும் வைத்திருந்தால் அந்த இருட்டுச் சந்துகள் இத்தனை வருஷம் அப்படியே கிடந்திருக்காது.

செலவை எங்க பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது வரிசையில் இருக்கிற ஆதம்பாக்கம்காரன் முதல் ஐயாயிரம் தருவதாக இப்போதுதான் தலையாட்டினான், எல்லோரும் சாட்சி. (சிரிப்பு.) துறைத்தலைவர் அம்மாவிடம் பேசிவிட்டேன், மினி ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அறிக்கை தமிழிலேயே இருக்கட்டும், வார்டு கவுன்சிலரும் படிக்க வேண்டும், டீக்கடைக்காரரும் படிக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கிற மேஜையிலேயே கொடுக்கலாம், நோட்டு வைத்திருக்கிறோம். முதல் அளவு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கூட்டம் சேருவதற்கு முன்னால். நானும் வருகிறேன்.

சாப்பாட்டு வரிசை ஆரம்பித்துவிட்டது என்று செயலாளர் அண்ணன் கையைக் காட்டுகிறார்.